தொப்பியும் துண்டும்



குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் தோற்றம் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது, மதுரையில் நின்றுகொண்டு எதற்கு அந்தக் கதை என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் மதுரையிலிருந்தே தொடங்குகிறேன்.

1930ஆம் ஆண்டு. அமெரிக்கன் மதுரை மிஷனில் ரால்ஃப் ரிச்சர்ட் கைத்தான் என்ற பாதிரியார் பணியில் இருந்தார். அமெரிக்காவின் மினசோட்டாக்காரர். 1925இல் இங்கே வந்தவர், வந்த சில ஆண்டுகளில் கதர் உடுத்தத் தொடங்கிவிட்டார். அவர் வீட்டுக்கு ஓர் ஆங்கிலேய இளைஞர் விருந்தாளியாக வந்தார். பெயர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ். வயது இருபத்தைந்துகூட நிரம்பியிருக்காது. சபர்மதி ஆசிரமத்தில் காந்தியோடு இருந்தவர். உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன்னால், மார்ச் 2ஆம் தேதியிட்டு வைசிராய் இர்வினுக்குக் காந்தி எழுதிய கடிதத்தை டெல்லிக்குக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவர் இவர்தான். இராவணனிடம் இராமன் அனுப்பிய தூதனின் பெயரைக் காந்தி இவருக்குச் சூட்டி, அங்கதன் என்றே அழைத்தார். கம்பனில் அங்கதன் தூதுப் படலத்தைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். எதிரியின் சபைக்குள் தனியாகப் போய், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வருகிற இளையவன்.

இந்த விருந்தாளிக்கு இடம் கொடுத்ததும் கதர் கட்டியதும் கைத்தான் மீதான குற்றங்கள் ஆயின. வெள்ளை அரசாங்கம் மிஷனை நெருக்கியது. 1930இலேயே அவர் மதுரையை விட்டு, நாட்டையே விட்டுப் போக வேண்டியதாயிற்று. ஒரு சாம்ராஜ்யம் ஒரு பாதிரியாரின் வீட்டு விருந்தாளியைக் கண்டு பதறியிருக்கிறது.

ரெனால்ட்ஸ் ஒரு குவேக்கர். ஆங்கிலேயராகப் பிறந்தும் ஆங்கிலேய வைசிராயின் முன் இந்தியரின் தூதனாய்ப் போய் நின்ற துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முந்நூறு ஆண்டு பின்னோக்கிப் போக வேண்டும்.

திருமலை நாயக்கர் மதுரையில் பட்டத்துக்கு வந்தது 1623இல். அதற்கடுத்த ஆண்டு இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ஃபென்னி டிரேட்டன் என்ற சிற்றூரில் ஜார்ஜ் ஃபாக்ஸ் பிறந்தார். அப்பா நெசவாளி. நேர்மை தவறாதவர் என்று ஊரார் அவருக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். மகனைச் செருப்புத் தைக்கும் ஒருவரிடம் வேலை பழக விட்டார்கள். ஆடும் மேய்த்தான் பையன். இங்கே மகாலும் புதுமண்டபமும் எழுந்துகொண்டிருந்த காலத்தில், அங்கே ஒரு தறிக்காரர் மகன் தோல் தைத்துக்கொண்டும் ஆட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டும் வளர்ந்தான்.

பத்தொன்பதாவது வயதில், 1643இல், வீட்டை விட்டுக் கிளம்பினான். அப்போது இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர். அரசன் ஒரு பக்கம், நாடாளுமன்றம் ஒரு பக்கம். பிரசங்கியார்கள் தெருவுக்குத் தெரு. அவர்களில் ஒருவர்கூட அந்தப் பையனின் தவிப்புக்கு விடை சொல்லவில்லை. புகையிலை போடு, பாட்டுப் பாடு என்று ஒரு பாதிரியார் அவனுக்கு வைத்தியம் சொன்னாராம். நான்கு ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு 1647 வாக்கில் அவனுக்குள் ஒன்று தெளிந்தது. கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் தரகர் வேண்டாம். ஒவ்வொரு மனிதருக்குள்ளும், ஆணோ பெண்ணோ, கிறிஸ்தவரோ அல்லாதவரோ, ஓர் ஒளி இருக்கிறது. அதைக் கேட்டு நடந்தால் போதும்.

ஒளி என்ற சொல் நம் காதுக்குப் புதிதில்லை. வடலூரில் 1872இல் சத்திய ஞான சபையைத் திறந்து வள்ளலார் ஜோதியை முன்னால் வைத்தபோது, அவருக்கு ஃபாக்ஸ் என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே தாகம் இரண்டு ஊர்களில் கிணறு வெட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்தார் என்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

'குவேக்கர்' என்பது அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் இல்லை. 1650இல் டெர்பி நகரில் ஃபாக்ஸைச் சமய நிந்தனைக் குற்றத்துக்காக நிறுத்தினார்கள். கடவுளின் சொல்லுக்கு முன் நடுங்குங்கள் என்று அவர் நீதிபதியைப் பார்த்துச் சொல்ல, நீதிபதி ஜெர்வேஸ் பென்னட் அவர்களை 'நடுங்கிகள்' என்று கேலி செய்தார். கேலி ஒட்டிக்கொண்டது. தங்களுக்குள் அவர்கள் 'நண்பர்கள்' என்றே சொல்லிக்கொண்டார்கள். இன்றும் நண்பர்கள் சங்கம் என்பதுதான் அந்த அமைப்பின் முறையான பெயர். டெர்பி சிறையில் ஏறத்தாழ ஓராண்டு. அங்கே இருக்கும்போது படையில் தலைவன் பதவி தருகிறோம், வெளியே வா என்றார்கள். போருக்கான காரணத்தையே வேரோடு களைந்துவிட்ட வாழ்வில் தான் இருப்பதாகச் சொல்லி ஃபாக்ஸ் மறுத்தார். சிறைக்காலம் நீண்டது. வாழ்நாளில் எட்டு முறை சிறை சென்றார்.

இயக்கம் பிறந்த ஆண்டு என்று 1652ஐச் சொல்வார்கள். வடக்கே பெண்டில் குன்றின் மேல் ஏறி நின்றபோது பெருந்திரளான மக்கள் திரண்டு வருவதாக அவர் கண்டார். சில வாரங்களில் ஃபர்பாங்க் என்ற மேட்டு நிலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கூடினார்கள். எந்தச் சபையிலும் நிறைவு காணாமல் ஏற்கெனவே மௌனமாய்க் கூடித் தேடிக்கொண்டிருந்த உழவர்களும் கைத்தொழிலாளிகளும் அவர்கள். ஆக, ஃபாக்ஸ் அவர்களை உண்டாக்கவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள், இவர் வந்து சேர்ந்தார். இயக்கங்களின் வரலாற்றில் இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்; தலைவருக்குச் சிலை வைத்துவிட்டுக் காத்திருந்தவர்களை விட்டுவிடுகிறோம்.

அதே கோடையில் அல்வர்ஸ்டன் கோயிலில் ஃபாக்ஸ் பேசினார். வேதம் இப்படிச் சொல்கிறது, அப்போஸ்தலர் அப்படிச் சொன்னார் என்கிறீர்களே, நீங்கள் சொல்ல உங்களிடம் என்ன இருக்கிறது என்பதுதான் அவர் கேள்வி. கூட்டத்தில் இருந்த மார்கரெட் ஃபெல் எழுந்து நின்றார், பின் உட்கார்ந்து அழுதார். நீதிபதி தாமஸ் ஃபெல்லின் மனைவி. சுவார்த்மோர் மாளிகையின் தலைவி. அன்று முதல் அந்த வீடே இயக்கத்தின் தலைமையகம் ஆயிற்று. சிறையில் கிடப்பவர்களுக்குப் பணம், கடிதம், குடும்பங்களுக்கு உதவி எல்லாம் அங்கிருந்து போயின. கணவர் கடைசிவரை சேரவில்லை. ஆனால் தம் பதவியால் அவர்களைக் காத்தார். பெண்கள் சபையில் பேசுவதை நியாயப்படுத்தி மார்கரெட் 1666இல் ஒரு நூலே வெளியிட்டார், அதுவும் சிறையில் இருந்துகொண்டு. கணவர் இறந்து பதினோரு ஆண்டு கழித்து 1669இல் அவரும் ஃபாக்ஸும் மணந்துகொண்டார்கள்.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது மேரி ஃபிஷரை விட முடியாது. ஒரு வீட்டில் வேலைக்காரப் பெண்ணாக இருந்தவர். 1653இல் கேம்பிரிட்ஜில் மாணவர்களோடு வாதாடியதற்காகச் சவுக்கடி பட்டார். 1656இல் ஆன் ஆஸ்டின் என்ற தோழியோடு பாஸ்டன் போனார். அங்கே அவர்களுடைய புத்தகங்களை எரித்து, சூனியக்காரிகளா என்று உடம்பைச் சோதித்து, சன்னலை அடைத்த அறையில் பூட்டி வைத்து நாடு கடத்தினார்கள். 1658இல் அதே பெண் பெரும்பகுதி தூரம் கால்நடையாக நடந்து எடிர்னேயில் பாளையம் இறங்கியிருந்த துருக்கி சுல்தான் நான்காம் மெஹமதின் முன்னால் போய் நின்றார். பதினாறு வயதுச் சுல்தான் அவர் பேச்சைப் பொறுமையாய்க் கேட்டு, வழித்துணைக்கு ஆள் தருகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினார். கிறிஸ்தவ பாஸ்டனில் கிடைக்காத மரியாதை அவருக்குச் சுல்தானின் கூடாரத்தில் கிடைத்தது. பாஸ்டன் அதோடு நிற்கவில்லை. 1660 ஜூன் 1ஆம் தேதி மேரி டயர் என்ற குவேக்கர் பெண்ணை அங்கே தூக்கிலிட்டார்கள். தடையை மீறித் திரும்பி வந்தார் என்பதுதான் குற்றம்.

இத்தனை கொடுமைக்கு இவர்கள் செய்தது என்ன? ஆயுதம் எடுக்கவில்லை. வரலாற்று நூல்கள் சமயக் கொள்கையைக் காரணமாகச் சொல்கின்றன. உண்மைதான். ஆனால் ஆளுகிறவர்களை அன்றாடம் எரிச்சல்படுத்தியது வேறொன்று. அவர்கள் தொப்பியைக் கழற்றவில்லை.

அந்தக் கால இங்கிலாந்தில் மேலானவர் முன் தொப்பியைக் கழற்றி நிற்க வேண்டும். நீதிமன்றத்தில் கட்டாயம். கடவுளைத் தொழும்போது கழற்றுகிற தொப்பியை மனிதனுக்காகக் கழற்ற மாட்டோம் என்றார்கள் குவேக்கர்கள். 1670இல் லண்டனில் வில்லியம் பென்னும் வில்லியம் மீடும் தெருவில் பிரசங்கம் செய்ததற்காக நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் உள்ளே நுழையும்போது ஒரு சேவகர் தொப்பிகளை எடுத்துவிட்டார். மேயர் அதைப் பார்த்து, திரும்பத் தலையில் வையுங்கள் என்று உத்தரவிட்டார். வைத்தார்கள். பிறகு, தொப்பியோடு நிற்கிறீர்களே என்று நீதிமன்றம் ஆளுக்கு நாற்பது மார்க் அபராதம் விதித்தது. அந்த வழக்கின் ஜூரிகள் பன்னிருவரும் குற்றவாளி என்று சொல்ல மறுத்தார்கள். சோறு, தண்ணீர், கணப்பு எதுவும் இல்லாமல் இரண்டு இரவு பூட்டி வைத்தும் அசையவில்லை. அவர்களுக்கும் அபராதம். அதைக் கட்ட மறுத்துச் சிறைக்குப் போன எட்வர்ட் புஷெல் தொடுத்த வழக்கில்தான், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்ற சட்டம் நிலைபெற்றது.

ஒரு தொப்பிக்கா இத்தனை என்று இங்கே யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் ஊர் வாடிப்பட்டிப் பக்கம். என் தாத்தா பண்ணையில் கூலிவேலை பார்த்தவர். அவர் தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். தூரத்தில் குறிப்பிட்ட சிலருடைய தலை தெரிந்தால் போதும், அது தானாக இறங்கி இடுப்புக்கு வந்துவிடும். காலில் செருப்பிருந்தால் கைக்கு வந்துவிடும். யாரும் அதட்ட மாட்டார்கள். அதட்ட வேண்டிய அவசியமே இல்லாதபடி உடம்புக்குள் ஏறிப்போன சட்டம் அது. தொப்பியைக் கழற்ற மறுத்தவர்களைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது என் கண் முன்னால் வந்தது லண்டன் நீதிமன்றம் அன்று. கண்மாய்க் கரையில் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஒதுங்கி நிற்கும் என் தாத்தாதான். மேல்-கீழ் என்பது நூல்களில் எழுதப்படுவதற்கு முன்னால் உடம்பில் எழுதப்படுகிறது. குவேக்கர்கள் அதைக் கண்டுகொண்டு, அங்கேயே கை வைத்தார்கள். நான் இன்று சொல்ல வந்ததில் பெரும்பகுதி இதுதான்.

உடம்பைப் போலவே நாக்கும். இதில் தமிழர்களுக்குத் தனி ருசி இருப்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். அக்கால ஆங்கிலத்தில் முன்னிலையில் இரண்டு சொற்கள் இருந்தன. 'தௌ' என்றால் நீ. 'யூ' என்றால் நீங்கள். பெரியவர்களை ஒருவராக இருந்தாலும் 'யூ' என்றார்கள். வேலைக்காரனையும் பிள்ளையையும் 'தௌ' என்றார்கள். நம் மொழியில் நடப்பது அப்படியே. குவேக்கர்கள் நெசவாளியையும் நீதிபதியையும் அரசனையும் ஒரே மாதிரி 'நீ' என்று சொன்னார்கள். அடி விழுந்தது. மகன் தகப்பனை அப்படிச் சொன்ன வீடுகளில் சண்டை மூண்டது.

அதற்கு அவர்கள் காட்டிய நியாயம் இலக்கணம்! ஒருவரை ஒருமையில் சொல்வதுதான் சரி, பன்மை என்பது முகத்துதி என்றார்கள். 1660இல் ஃபாக்ஸும் ஜான் ஸ்டப்ஸும் பெஞ்சமின் ஃபர்லியும் சேர்ந்து, உபாத்தியாயர்களுக்கு ஒருமை பன்மை கற்பிக்கும் பாடநூல் என்ற பாவனையில் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்கள். முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளிலிருந்து ஒருமை, பன்மைச் சான்றுகளை அடுக்கினார்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஃபாக்ஸுக்கு மொழிகளைத் திரட்டிக் கொடுத்தவர்கள் மற்ற இருவரும்.

நம் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் இதே விஷயத்தைத் தொட்டிருக்கிறார் என்பது தமிழாசிரியர்களுக்கு நினைவிருக்கும். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்வுச் சொல். இலக்கண நெறிப்பட்டது அன்று என்பது அவர் கருத்து. ஃபாக்ஸின் வாதம் முழுவதும் அந்த ஒரு நூற்பாவுக்குள் அடங்கிவிடுகிறது. தொல்காப்பியர் வழக்கை ஏற்றுக்கொண்டு குறித்துவைத்தார். ஃபாக்ஸ் வழக்கையே எதிர்த்தார். வேறுபாடு அவ்வளவே.

அந்த ஜான் ஸ்டப்ஸ் 1661இல் ஹென்றி ஃபெல் முதலானோருடன் கிழக்கு நாடுகளுக்குக் கிளம்பினார். சீனாவுக்கும், பிரெஸ்டர் ஜான் ஆள்வதாகச் சொல்லப்பட்ட கற்பனை ராஜ்யத்துக்கும் போக வேண்டும் என்பது எண்ணம். எந்தக் கப்பல்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. மன்னரிடமிருந்து உத்தரவு வாங்கி வந்தார்கள். அப்படியும் கிழக்கிந்தியக் கம்பெனி சாக்குப்போக்குச் சொல்லி ஏற்ற மறுத்தது. ஹாலந்து வழியாக அலெக்சாந்திரியா வரை போய், அங்கிருந்த ஆங்கிலேயத் தூதர் திருப்பி அனுப்ப, ஊர் வந்து சேர்ந்தார்கள். கம்பெனிக்குச் சென்னப்பட்டினத்தில் அப்போதே கோட்டை இருந்தது. அந்தக் கப்பல் கிளம்பி, வழியில் சோழமண்டலக் கரையில் நங்கூரம் போட்டிருந்தால், ஒருமை பன்மையில் ஊறிய ஸ்டப்ஸின் காதில் நீ, நீர், நீங்கள், தாங்கள் எல்லாம் விழுந்திருக்குமே என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பிடிக்கும். 1661இல் ஒரு குவேக்கரை இந்தப் பக்கம் வரவிடாமல் தடுத்த கம்பெனியின் வாரிசுகள்தாம் 1930இல் ஒரு குவேக்கருக்குச் சோறு போட்டவரை மதுரையிலிருந்து விரட்டினார்கள்.

இன்னொன்றையும் இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். 'நீ' என்று எல்லாரையும் கீழே இறக்கிச் சமமாக்குவது ஒரு வழி. 'நீங்கள்' என்று எல்லாரையும் மேலே ஏற்றிச் சமமாக்குவது இன்னொரு வழி. ஆங்கிலம் கடைசியில் இரண்டாவது வழியில்தான் போனது; 'தௌ' வழக்கொழிந்து எல்லாரும் 'யூ' ஆனார்கள். தலைமுறை தலைமுறையாக 'நீ', 'அவன்', 'அவள்' என்று மட்டுமே சொல்லக் கேட்டவர்களுக்கும் வேண்டியிருப்பது இரண்டாவது வழிதான் என்பது என் முடிவு. ஃபாக்ஸ் என் ஊரில் பிறந்திருந்தால் 'வாங்க' என்றுதான் தொடங்கியிருப்பார்.

விலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பேரம் பேசாமல் பொருள் வாங்குவது அன்று அங்கே கிடையாது. இங்கே விளக்குத்தூண் பக்கம் இன்றும் முழுக்கக் கிடையாது. கடைக்காரன் ஒன்று சொல்லி, வாங்குகிறவன் ஒன்று சொல்லி, நடுவில் இருவரும் பொய் சொல்வதாகக் குவேக்கர்கள் கருதினார்கள். ஒரே விலை சொன்னார்கள். முதலில் கடை காலியாயிற்று. பிறகு, சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்று ஊருக்குத் தெரிந்ததும் கூட்டம் அவர்கள் கடைக்கே திரும்பிற்று. பிற்காலத்தில் வங்கியிலும் சாக்லேட் ஆலையிலும் குவேக்கர் குடும்பங்கள் பெரும் பெயர் எடுத்ததன் வேர் இங்கே இருக்கிறது.

சத்தியப் பிரமாணமும் அப்படித்தான். நீதிமன்றத்தில் மட்டும் உண்மை சொல்வேன் என்று ஆணையிட்டால் மற்ற நேரத்தில் பொய் சொல்வேன் என்றல்லவா ஆகும் என்றார்கள். இதற்காகவே ஆயிரக்கணக்கானோர் சிறை போனார்கள். ஆணையிடாமல் உறுதிமொழி மட்டும் கூறலாம் என்ற சலுகையை 1696இல் நாடாளுமன்றம் குவேக்கர்களுக்குத் தந்தது. சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகரின் போராட்டத்துக்குப் பின் 1888இல் அது எல்லாருக்கும் உரிமையாயிற்று. நம் அரசியல் சாசனத்தின் மூன்றாம் அட்டவணையிலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. பதவியேற்பு விழாவில் ஒருவர் கடவுள் பெயரைச் சொல்ல, இன்னொருவர் 'உளமார உறுதி கூறுகிறேன்' என்கிறாரே, அந்த இரண்டாவது வழிக்குச் சட்டத்தில் முதல் தடம் போட்டவர்கள் ஆழ்ந்த கடவுள் நம்பிக்கை கொண்ட குவேக்கர்கள். அந்தத் தடத்தில்தான் பின்னால் நாத்திகரும் நடந்தார்கள்.

இதையெல்லாம் கேட்டு, குறையே இல்லாத மனிதர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். உள்ளொளியைக் கேட்டு நட என்றால், யாருடைய ஒளி சரி? ஜேம்ஸ் நெய்லர் என்ற அருமையான பேச்சாளர் இருந்தார். சிலர் அவரை ஃபாக்ஸுக்கும் மேலாக மதித்தார்கள். 1656 அக்டோபரில் கொட்டும் மழையில் அவர் பிரிஸ்டல் நகருக்குள் குதிரையில் போக, சுற்றியிருந்தவர்கள் இயேசு எருசலேமில் நுழைந்ததைப் போலத் துதி பாடினார்கள். நாடாளுமன்றமே விசாரித்தது. சவுக்கடி, நெற்றியில் சூடு, நாக்கில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளை. அந்த நாட்களில் ஃபாக்ஸ் அவரிடம் நடந்துகொண்ட விதத்தில் கனிவு போதவில்லை என்பது என் எண்ணம். விடுதலையான நெய்லர் யார் மீதும் கசப்பில்லாமல் 1660இல் இறந்தார்.

அந்த அடிதான் இயக்கத்துக்கு ஓர் அமைப்பைக் கொடுத்தது. ஒருவருக்குத் தோன்றியதைக் கூட்டம் சேர்ந்து சோதிக்க வேண்டும் என்றாயிற்று. மாதக் கூட்டங்கள் முறைப்பட்டன. குருமார் இல்லை, பீடம் இல்லை. எல்லாரும் வந்து மௌனமாக உட்காருவார்கள். யாருக்குச் சொல்ல உந்துதல் வருகிறதோ அவர் எழுந்து சொல்வார். ஒரு மணி நேரம் யாருமே பேசாமல் கலைவதும் உண்டு. தாயுமானவருக்கு வாய்த்த குருவின் பெயரே மௌனகுரு. ஆகவே மௌனத்தின் சுவை நமக்குத் தெரியும். ஆனால் தனித்திருந்து காக்கும் மௌனம் வேறு, ஐம்பது பேர் சேர்ந்து காக்கும் மௌனம் வேறு. முடிவெடுப்பதிலும் வாக்கெடுப்பு கிடையாது. எல்லார் மனமும் ஓரிடத்துக்கு வரும்வரை காத்திருப்பார்கள்.

1661 ஜனவரியில் லண்டனில் வேறொரு பிரிவினர் ஆயுதக் கிளர்ச்சி செய்ய, சந்தேகத்தின் பேரில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட குவேக்கர்களைப் பிடித்துப் போட்டார்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று அப்போது இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு அவர்கள் கொடுத்த அறிக்கைதான் இன்றுவரை அவர்களது அமைதிக் கொள்கையின் அடிக்கல். 1662இல் குவேக்கர் சட்டம், 1664இல் கூட்டத் தடைச் சட்டம். சிறைகளில் நானூறுக்கு மேற்பட்டோர் மடிந்தார்கள். 1682இல் பிரிஸ்டலில் பெரியவர்கள் எல்லாரையும் உள்ளே தள்ளிவிட்டபோது, பிள்ளைகளே கூடிக் கூட்டத்தை நடத்தினார்கள். அடித்தும் பார்த்தார்கள். பிள்ளைகள் அடுத்த வாரமும் வந்து உட்கார்ந்தார்கள். 1689இல்தான் சட்டம் அவர்களைச் சகித்துக்கொண்டது. இரண்டாண்டு கழித்து ஃபாக்ஸ் இறந்தார்.

பெருங்குறை அடிமை முறையில் இருந்தது. 1671இல் பார்படோஸ் தீவுக்குப் போன ஃபாக்ஸ், அடிமைகளை நல்லபடி நடத்துங்கள் என்றார். விடுவித்தே தீர வேண்டும் என்று உறுதியாய்ச் சொல்லவில்லை. பென்சில்வேனியாவை நிறுவிய பென் அடிமைகளை வைத்திருந்தார். 1688இல் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் இது தகாது என்று எழுதிக் கொடுத்த மனுவை மேல்கூட்டங்கள் கைமாற்றிக் கைமாற்றி ஓரம் கட்டின. நீதிபதிக்குத் தொப்பி கழற்றாதவர்களுக்கு, தம் வயலில் குனிந்து நிற்பவன் நிமிரவில்லையே என்பது தெரியவில்லை. இந்தக் குருட்டுத்தனம் எந்த நாட்டுச் சீர்திருத்தக்காரருக்கும் வரக்கூடியது. நம் ஊரிலும் வந்திருக்கிறது.

அந்தக் கண்ணைத் திறந்தவர்களில் முதன்மையானவர் ஒரு தையற்காரர். ஜான் உல்மன். இளவயதில் கடையில் கணக்கெழுதும்போது, ஓர் அடிமைப் பெண்ணை விற்பதற்கான பத்திரம் எழுதச் சொன்னார் முதலாளி. எழுதிவிட்டார். அந்தக் கைதான் அவரை வாழ்நாள் முழுக்க உறங்கவிடாமல் செய்தது. ஊர் ஊராக நடந்தார். அடிமை வைத்திருந்த குவேக்கர் வீடுகளில் உட்கார்ந்து, கோபப்படாமல், ஒவ்வொருவரிடமும் பேசினார். 1776இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று முடிவு செய்தபோது அவர் உயிரோடில்லை. நான்காண்டு முன் இங்கிலாந்தின் யார்க் நகரில் அம்மை கண்டு இறந்திருந்தார். கடைசிப் பத்தாண்டுகள் அவர் சாயம் போடாத துணியையே உடுத்தினார். அழுக்கை மறைக்கப் போடும் சாயமும் அதன் பின்னிருந்த பிறர் உழைப்பும் அவர் மனத்தை உறுத்தின.

சாயமில்லாத துணி என்றதும் மதுரைக்காரர்களுக்கு 1921 செப்டம்பர் 22 நினைவுக்கு வரும். மேலமாசி வீதி வீட்டிலிருந்து காந்தி அரையாடையோடு வெளியே வந்த நாள். அவர் வெட்டியெறிந்ததும் துணிதான், வேறொன்றுமில்லை. ஆனால் ஆட்சிக்குப் புரிந்தது. அதனால்தான் ஒன்பது ஆண்டு கழித்து இதே ஊரில் ஒரு பாதிரியாரின் கதர்ச் சட்டை அவ்வளவு பெரிய விஷயமாயிற்று.

கைத்தான் பிறகு திரும்பி வந்தார். 1944இல் மறுபடி வெளியேற்றினார்கள். விடுதலைக்குப் பிறகு மறுபடியும் வந்து, சின்னாளப்பட்டி அருகே டாக்டர் சௌந்தரமும் ராமச்சந்திரனும் உருவாக்கிய காந்திகிராமத்தோடு இணைந்து, மதுரை, திண்டுக்கல் கிராமங்களிலேயே வாழ்ந்தார். 1928இல் சென்னைப் பள்ளியொன்றில் ஆசிரியையாக வந்து தமிழ் கற்று, பின்னர் குவேக்கராகிய மார்ஜோரி சைக்ஸ் சாந்திநிகேதனிலும் சேவாகிராமத்திலும் பணிசெய்துவிட்டுக் கோத்தகிரியில் அமைதித் தொண்டர்களைப் பயிற்றுவித்தார். 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் முதலானோர் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்ததையும் இந்த வரிசையில் வைத்தே நான் பார்க்கிறேன். அதற்குக் குவேக்கர் தொடர்பு எதுவும் தேவையில்லை. உடம்பு எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பதை மாற்றிய நாள் அது.

1956இல் வினோபா தமிழ்நாட்டில் நடந்துகொண்டிருந்தபோது, பூமிதான ஊழியர்கள் எங்கள் ஊருக்கும் வந்தார்கள். அவர்களில் ஓர் இளைஞர், கதர் வேட்டிக்காரர், கண்மாய்க் கரையில் ஒதுங்கி நின்ற என் தாத்தாவைப் பார்த்து, "ஐயா, வாங்க, வந்து இப்படி உட்காருங்க. துண்டு தோள்லயே கெடக்கட்டும்" என்றாராம். ஐம்பது வயதில் தன்னை ஒருவர் ஐயா என்று கூப்பிட்டு அவர் கேட்டது அன்றுதான். உட்கார்ந்தார். ஆனால் கூட்டம் கலையும்வரை அந்தத் துண்டைத் தோளிலும் போடாமல் இடுப்பிலும் கட்டாமல், இரண்டு கையிலும் சுருட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தாராம். என் பாட்டி சொல்வார்.